வீட்டில் எல்.சி. வாங்கிவிட்டீர்களா?

நெடுந்தூர மோட்டார் சைக்கிள் பயணம் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற மின்வாரிய ஃபோர்மேன். முப்பது ஆண்டுகளாக நெடுஞ்சாலையில் ஓட்டுகிறார். முதலில் 1991ஆம் ஆண்டுப் புல்லட், 2018 முதல் ஹிமாலயன்.

கேள்வி: 24 மணி நேரத்தில் 1,600 கி.மீ. ஓட்டினால் சான்றிதழ் கிடைக்கும் என்று நண்பர்கள் கிளம்புகிறார்கள். நீங்கள் செய்திருக்கிறீர்களா? நானும் போகலாமா?
— கல்லூரி மாணவர், விருதுநகர்

தம்பி, நான் செய்ததில்லை. செய்யவும் மாட்டேன். அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன் தரும் சான்றிதழைத்தான் உன் நண்பர்கள் சொல்கிறார்கள். ஆயிரம் மைல், அதாவது சுமார் 1,610 கி.மீ. கணக்குப் போட்டுப் பார். நிற்காமல் ஓட்டினாலே மணிக்கு 67 கி.மீ. சராசரி வர வேண்டும். பெட்ரோல், சாப்பாடு, இயற்கை உபாதை என்று நான்கு மணி நேரத்தைக் கழித்தால் 80. நம் சாலையில் 80 சராசரி வேண்டுமென்றால் பல மணி நேரம் 100க்கு மேல் பறக்க வேண்டும். எதிர்த் திசையில் வரும் டிராக்டருக்கும், தடுப்புச் சுவரின் இடைவெளியில் புகுந்து வரும் ஆட்டுக்கும் உன் சான்றிதழ் பற்றித் தெரியாது.

2003இல் சென்னையில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு இரவோடு இரவாகப் புல்லட்டில் ஊர் திரும்பினேன். விடியற்காலை மூன்றரை மணி இருக்கும். மேலூர் என்ற பலகையைப் பார்த்துத் திடுக்கிட்டேன். துவரங்குறிச்சியைக் கடந்தது நினைவில் இல்லை. கொட்டாம்பட்டியும் நினைவில் இல்லை. கண் திறந்துதான் இருந்திருக்கிறது, கை ஆக்ஸிலேட்டரைப் பிடித்துத்தான் இருந்திருக்கிறது. நான்தான் அங்கே இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு பேருந்து நிழற்குடையின் சிமெண்டு பெஞ்சில் விடியும் வரை படுத்துக் கிடந்தேன். தூக்கம் வரவில்லை, உடம்பு நடுங்கியது. அதன்பிறகு இன்று வரை காலை ஐந்து மணிக்கு முன் கிளம்புவதில்லை, மாலை நான்கு மணிக்குப் பின் ஓட்டுவதில்லை. ஒரு நாளுக்கு 450 கி.மீ. போதும். டெல்லி போக ஏழு நாள் ஆகும். ஆகட்டும்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. வேலைக்குப் போன முதல் வருடமே பெரிய வண்டி வாங்கிவிட்டான். ஜூலையில் லடாக் போகிறேன் என்கிறான். நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. தடுப்பதா, விடுவதா?
— ஒரு தாய், கோவில்பட்டி

அம்மா, உங்கள் கடிதத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "முப்பது வருடத்துக்கு முன் நான் எழுதியிருக்க வேண்டிய கடிதம்" என்றாள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மின்கம்பத்தில் ஏறும் முன் துணைமின் நிலையத்தில் எல்.சி. வாங்குவோம். லைன் கிளியர். இந்த லைனில் ஆள் வேலை செய்கிறான், மின்சாரம் விடாதே என்பதற்கான உறுதி அது. எண் போட்டு, நேரம் போட்டு, பதிவேட்டில் எழுதுவார்கள். வேலை முடிந்து, எல்லோரும் இறங்கிவிட்டார்களா, கருவிகள் வந்துவிட்டனவா என்று சரிபார்த்த பின், வாங்கியவனே அதைத் திருப்பித் தர வேண்டும். வேறு யார் சொன்னாலும் அந்தப் பக்கம் ஸ்விட்சைத் தொட மாட்டார்கள்.

1994இல் புல்லட்டை இரண்டாம் கையாக வாங்கிய புதிதில் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். எங்கே, எப்போது திரும்புவேன் என்பதெல்லாம் கிடையாது. ஒருமுறை குமுளி வரை போய், மழையில் மாட்டிக்கொண்டு, மறுநாள் காலையில்தான் வந்து சேர்ந்தேன். எங்கள் வீட்டில் அப்போது தொலைபேசி இல்லை. வாசற்படியில் என் மனைவி கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. "கம்பத்தில் ஏறினால் எல்.சி. வாங்குகிறீர்கள். வண்டியில் ஏறினால் வாங்க வேண்டாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். எந்த வழி, எங்கே தங்கல், எத்தனை மணிக்குப் பேசுவேன் என்று அவள் முன்னால் உட்கார்ந்து எழுதுவேன். கிளம்பும் நேரத்தை அவள் எழுதுவாள். திரும்பியதும் நான் கையெழுத்துப் போடுவேன். அந்தக் காலத்தில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் பேசிச் செய்தி சொல்லியிருக்கிறேன். இப்போது ஏழாவது நோட்டு நடக்கிறது.

உங்கள் மகனைத் தடுக்காதீர்கள் அம்மா. தடுத்தால் சொல்லாமல் போவான், அது இன்னும் மோசம். ஒரு நோட்டை அவன் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு, மணாலியிலிருந்து லே போக எத்தனை நாள் வைத்திருக்கிறாய் என்று கேளுங்கள். இரண்டு நாள் என்றால் அந்த நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம், லே 3,500 மீட்டர். ஆனால் இடையில் சாலை 5,300 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. காற்று மெலிந்துகொண்டே போகும். உடம்பு அதற்குப் பழக நாள் வேண்டும். 2019இல் அந்த ஆண்டு ஓய்வுபெற்ற நாங்கள் மூன்று பேர் போனோம். கேலாங்கில் ஒரே ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாளே சர்ச்சுவுக்கு ஏறிவிட்டோம். அது சுமார் 4,300 மீட்டர். இரவு கூடாரத்தில் நண்பர் ஒருவருக்குத் தலைவலி, பிறகு வாந்தி. குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். விடிந்ததும் எழுந்து நின்றவர் தள்ளாடினார். சட்டைப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்கப் பார்க்கிறார், விரல் கேட்கவில்லை. பொத்தானைக் குனிந்து குனிந்து பார்க்கிறார், மறுபடி நழுவுகிறது. முப்பது வருடம் கம்பத்தின் உச்சியில் தொங்கியபடி நட்டு முடுக்கிய விரல்கள் அவை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

சர்ச்சுவின் பொல்லாத்தனம் என்னவென்றால், இரண்டு பக்கமும் அதைவிட உயரம். கீழே இறங்குவதற்கே முதலில் 4,800 மீட்டருக்கு மேலே இருக்கும் பாரலாச்சா கணவாயை ஏறிக் கடக்க வேண்டும். ஒரு ஜீப் பிடித்து அவரைப் படுக்க வைத்து இறக்கினோம். கேலாங் வந்து, ஆக்சிஜன் கொடுத்து, மாலையில் அவரே பொத்தானைப் போட்டுக்கொண்டார். சர்ச்சுவிலிருந்து லேவுக்கு 250 கி.மீ.தான் பாக்கி இருந்தது. மூவரும் ஊர் திரும்பினோம். 2022இல் மறுபடி போனோம். ரோதாங் கணவாய்க்கு அடியில் அடல் சுரங்கப்பாதை திறந்துவிட்டிருந்தது. இந்த முறை ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கி, மெல்ல ஏறி, மூவருமே லே போய்ச் சேர்ந்தோம்.

ஆகவே உங்கள் மகன் நோட்டில் இதையும் எழுதட்டும்: தலைவலி இருக்கும்போது மேலே ஏற மாட்டேன், தள்ளாட்டம் வந்தால் எந்த நேரமானாலும் கீழே இறங்குவேன். உயரத்துக்கான மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்காமல் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துக் கேட்டு வாங்கட்டும்.

இன்னொன்று, இது உங்கள் தூக்கத்துக்காக. நம் ஊர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதை வைத்திருந்தாலும் மலைப்பாதையில் பல மணி நேரம், சில நாள் முழுவதுமேகூட, சிக்னல் இருக்காது. எந்த நாளில் அழைப்பு வராது என்பதை முன்கூட்டியே அவன் எழுதித் தந்துவிட்டால், அந்த நாளில் தொலைபேசி அடிக்காததற்கு நீங்கள் கலங்க வேண்டியதில்லை. அப்புறம் பெட்ரோல். நாங்கள் போனபோது தாண்டி என்ற ஊரின் பங்கில் 'அடுத்த பங்க் 365 கி.மீ.' என்று பலகை வைத்திருந்தார்கள். ஐந்து லிட்டராவது கேனில் தனியாக எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: நல்ல ஹெல்மெட்டை எப்படித் தெரிந்துகொள்வது? என்னுடையது ஒருமுறை கீழே விழுந்து உரசிவிட்டது. இன்னும் போடலாமா?
— ஜவுளிக்கடை ஊழியர், ஈரோடு

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பொருள்கள் ஆணியில் தொங்குகின்றன. ஒன்று நான் கம்பம் ஏறிய இடுப்புப் பட்டை. மற்றது 2009இல் கங்கைகொண்டானுக்கு வடக்கே விழுந்தபோது நான் போட்டிருந்த ஹெல்மெட், பாதியாக அறுத்தது. லாரியிலிருந்து சிந்திய மணல் வளைவில் பரவிக் கிடந்தது. பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது. காறை எலும்பு முறிந்தது. தலைக்கு ஒன்றுமில்லை.

வெளியே பார்த்தால் தாடைப் பகுதியில் பெயிண்டு போய், தார்ச்சாலையின் வரிகள் பதிந்திருக்கும், அவ்வளவுதான். குணமானதும் பட்டறையில் கொடுத்து நடுவில் அறுத்தேன். உள்ளே தெர்மகோல் போன்ற வெள்ளை நுரை, மற்ற இடங்களில் என் கட்டைவிரல் அகலத்துக்குத் தடிமன். வலது நெற்றிப் பக்கம் மட்டும் அதில் பாதிகூட இல்லை, நசுங்கி அப்பளமாகியிருந்தது. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் மகள் அந்தக் குழியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

அந்த நுரை ஒரே ஒரு முறைதான் நசுங்கும். அடியைத் தான் வாங்கிக்கொண்டு செத்துப்போகும். மறுபடி உப்பாது. வெளி ஓடு நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்க முடியாது. தலையோடு சேர்ந்து அடிபட்ட ஹெல்மெட்டை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். உங்களுடையது வெறுமனே இடுப்பு உயரத்திலிருந்து கை தவறி விழுந்தது என்றால் பயமில்லை. உயரத்திலிருந்தோ, ஓடும் வண்டியிலிருந்தோ விழுந்தது என்றால் மாற்றிவிடுங்கள்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் அந்த முத்திரை இல்லாததை விற்பதே குற்றம். விலையைவிட முக்கியம் அளவு. போட்டுக்கொண்டு தாடைப் பகுதியைப் பிடித்து இடமும் வலமும் திருப்புங்கள், கன்னத்துத் தோல் கூடவே நகர வேண்டும். வார் மாட்டிக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து முன்னால் உருட்டித் தள்ளச் சொல்லுங்கள், கழன்று வரக் கூடாது. புதிதில் கன்னத்தை நெருக்கும். நெருக்கட்டும், சில வாரத்தில் பஞ்சு இளகும். வார் மாட்டாத ஹெல்மெட் தலையில் வைத்த பானை. விழும்போது முதலில் பறப்பது அதுதான்.

கேள்வி: எங்கள் ஊர் வெயிலில் ஜாக்கெட், கையுறை எல்லாம் நடக்கிற காரியமா?
— வாசகர், வேலூர்

நடக்கிற காரியம்தான் ஐயா. வலைத் துணியில் தைத்த ஜாக்கெட் கிடைக்கிறது. தோள், முழங்கை, முதுகில் மட்டும் காப்புத் தகடு இருக்கும். மற்ற இடமெல்லாம் காற்று புகும். உள்ளே பருத்திப் பனியனை நனைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். காற்று உடம்பின் சூட்டைவிடச் சூடாக இருக்கும் நாளில், அரைக்கைச் சட்டையோடு போகிறவனுக்குத்தான் அனல் நேரே அடித்து நீர் வற்றும். கழுத்தில் ஈரத் துண்டு, மணிக்கு ஒரு முறை உப்புப் போட்ட மோர். ஏப்ரல், மே மாதங்களில் பதினோரு மணிக்கு நிழலில் ஒதுங்கிவிடுங்கள்.

கையுறையைச் சிலர் அலங்காரமாக நினைக்கிறார்கள். விழும் மனிதன் தன்னை அறியாமல் முதலில் ஊன்றுவது உள்ளங்கையை. மணலில் விழுந்த அன்று நான் கையுறை போடவில்லை. முறிந்த எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. உள்ளங்கைத் தோல் வளரும் வரை சோற்றைப் பிசைந்து ஊட்டியவள் என் மனைவி. ரப்பர் கையுறை இல்லாமல் கம்பத்தில் ஏறாதவன் சாலையில் வெறுங்கையோடு போனேனே என்று அந்த நாட்களில் நினைத்து நினைத்து வருந்தினேன்.

கேள்வி: நெடும்பயணத்துக்கு எந்த வண்டி சிறந்தது?
— வாசகர், கும்பகோணம்

இரண்டு காலும் தரையில் ஊன்ற முடிகிற வண்டி. உங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் பழுது பார்க்க ஆள் இருக்கிற வண்டி. என் பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதிலேயே கன்னியாகுமரியிலிருந்து ஹைதராபாத் வரை போய் வந்தேன். நூறு சி.சி. வண்டியில் லடாக் போனவர்களையும் வழியில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 57 வயது, மனைவிக்கு 52. ராமேஸ்வரத்துக்கு மோட்டார் சைக்கிளிலேயே போக வேண்டும் என்று அவர் ஆசைப்படுகிறார். இடுப்பு வலிக்காரர். கூட்டிப் போகலாமா?
— வாசகர், மதுரை

அவரே ஆசைப்படுகிறார் என்றால் தயங்காதீர்கள். மதுரையிலிருந்து சுமார் 170 கி.மீ. தானே. இந்தப் பதிலை என் மனைவியே சொல்கிறாள், நான் எழுதுகிறேன்.

"ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்தச் சொல்லுங்கள். அவருக்குக் களைப்பில்லை என்பது நமக்கு முக்கியமில்லை. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். புடவை வேண்டவே வேண்டாம். சுடிதார்தான், துப்பட்டாவும் இல்லாமல். ஒருபக்கமாக உட்காரக் கூடாது. நமக்கும் முழு ஹெல்மெட் வேண்டும். தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு தட்டு என்றால் நிறுத்து என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டு தட்டியும் அவர் நிறுத்தவில்லை என்றால் திரும்பும்போது பஸ்ஸில் வந்துவிடுங்கள்."

என் பங்குக்கு: இருவர் உட்காரும்போது பின் டயருக்குக் காற்று கூடுதல் வேண்டும், அளவு வண்டியின் கையேட்டில் தனியாக இருக்கும். பின் ஷாக் அப்ஸார்பரையும் இரண்டு படி இறுக்கிக்கொள்ளுங்கள். பாதி இடுப்பு வலி அதிலேயே போகும். பாம்பன் சாலைப் பாலத்தில் இரும்பு இணைப்புகள் குறுக்கே வரும், மழையில் வழுக்கும். அவற்றை நேராகக் கடக்க வேண்டும், அந்த இடத்தில் பிரேக் கூடாது. அரிச்சல்முனைச் சாலையில் காற்று மணலை அள்ளிப் போட்டிருக்கும். மணல் என்றால் என்ன என்று மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: ஆரல்வாய்மொழியில் காற்று வண்டியையே தள்ளுகிறது. லாரியை முந்தும்போது உயிர் போய் வருகிறது.
— ஆசிரியை, நாகர்கோவில்

ஜூன் முதல் செப்டம்பர் வரை அப்படித்தான் இருக்கும் சகோதரி. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். காற்றுக்குப் பயந்து கைப்பிடியை இறுக்கினால் அதன் ஒவ்வொரு உதையும் கை வழியாக முன்சக்கரத்துக்குப் போகும். முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு, முழங்கையைத் தளர்த்தி, கொஞ்சம் குனிந்து ஓட்டுங்கள். லாரியின் பக்கத்தில் காற்று திடீரென்று நின்றுவிடும், வண்டி லாரியை நோக்கிச் சாயும். முந்தி வெளியே வந்ததும் மொத்தமாக அறையும். இரண்டையும் எதிர்பார்த்து, நல்ல இடைவெளி விட்டு முந்துங்கள். இடைவெளி இல்லையென்றால் பின்னாலேயே போங்கள்.

கேள்வி: பயணத்தில் என்னென்ன உதிரிபாகம் எடுத்துப்போக வேண்டும்?
— வாசகர், ஓசூர்

ஒரு தந்திரம் மட்டும் சொல்கிறேன். புதுக் கிளட்ச் கேபிளைப் பையில் வைக்காதீர்கள். ஓடுகிற கேபிளின் பக்கத்திலேயே, அதே வழியில் ஓட்டிக் கட்டி வையுங்கள். 2019இல் நாக்பூரைத் தாண்டி, பெஞ்ச் காட்டை ஒட்டிய சாலையில் என் கேபிள் அறுந்தது. இரண்டு முனைகளையும் மாற்றி மாட்டி, பதினைந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டேன். டேங்கைக் கழற்றி, கேபிள் நுழைக்க வழி தேடும் வேலையே இல்லை. என் வண்டியில் ட்யூப் டயர் என்பதால் டயர் லீவர், காற்றுப் பம்பு, ஒரு முன்சக்கர ட்யூப். 21 அங்குல முன் ட்யூப் அவசரத்துக்குப் பின் டயரிலும் அடங்கிவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் பழைய டயர் ரப்பர் இறுகிப்போயிருக்கும். அதை நம்பி மலை ஏறாதீர்கள்.

கேள்வி: சாலையில் அடிபட்டுக் கிடந்த ஒருவரைப் பார்த்தேன். போலீஸ், கோர்ட்டு என்று அலைய நேருமோ என்று பயந்து வந்துவிட்டேன். மனம் உறுத்துகிறது.
— வாசகர், கரூர்

அந்தப் பயத்துக்கு இனி இடமில்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. பெயரைச் சொல் என்று வற்புறுத்தவும் முடியாது. 108க்குப் பேசுங்கள். நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள். மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், கழுத்து எலும்புக்கு ஆபத்து. ஆம்புலன்ஸில் வருபவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நான் விழுந்த அன்று சட்டம் தெரிந்தவர் யாரும் ஓடி வரவில்லை. ஒரு டீக்கடைப் பெரியவர் வந்தார். தோளுக்கு அண்டை கொடுத்து, போகிற காரை மறித்து ஏற்றினார். பதினொரு நாள் கழித்து வண்டியை எடுக்கப் போனேன். கடைக்குப் பின்னால் தென்னங்கீற்று போட்டு மூடி, சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தார். பெட்ரோல் ஒரு சொட்டுக் குறையவில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தேன், "டீ சாப்பிடுங்கள்" என்றார்.

கேள்வி: உங்களுக்கு மகள் இருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். அவரை வண்டி ஓட்ட விடுகிறீர்களா?
— கல்லூரி மாணவி, திருச்சி

விடுவதற்கு நான் யாரம்மா? அவளுக்கு 31 வயது, கோயம்புத்தூரில் வேலை. தன் சம்பளத்தில் வண்டி வாங்கினாள். வாங்கிய அன்று என்னிடம் கேட்டது ஹெல்மெட்டின் அளவை எப்படிப் பார்ப்பது என்பது மட்டும்தான். பிறகு கடையிலேயே உருட்டிப் பார்த்துப் படம் அனுப்பினாள்.

கடந்த ஜனவரியில் தனியாக வால்பாறை போனாள். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். முதல் நாள் இரவே வழியையும் நேரத்தையும் தொலைபேசியில் சொன்னாள், நான் நோட்டில் எழுதினேன். காலை 9.50க்கு ஒன்பதாம் வளைவு லோம்ஸ் வியூ பாயிண்டிலிருந்து ஒரு படம் வந்தது. கீழே ஆழியாறு அணை, ஓரத்தில் அவள் கையுறை. அதன்பிறகு ஒன்றுமில்லை. இரண்டு மணிக்குக் கீழே இறங்கிவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். இரண்டு ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, முப்பது வருடத்துக்கு முன் என் மனைவி உட்கார்ந்திருந்த அதே வாசற்படியில் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிடவில்லை.

3.20க்கு அழைப்பு வந்தது. "பொள்ளாச்சிக்கு வந்துவிட்டேன் அப்பா. மேலே சிக்னல் இல்லை. வீட்டுக்குப் போனதும் எல்.சி. ரிட்டர்ன்." 4.45க்கு மறுபடி பேசினாள். நேரத்தை எழுதிவிட்டு எழுந்தேன். என் மனைவி இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.